சைக்கிள் பூட்சு வாங்கப் போகிறீர்களா?

அடி விறைப்பாக இருக்க வேண்டும். கால் சுகமாக இருக்க வேண்டும். பணப்பையும் காலியாகக் கூடாது!

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு பூட்சு இருக்கிறது.

அதன் அடிப்பாகம் பலகை போல விறைப்பாக இருக்கும். கையால் வளைத்தால் வளையாது. அடியில் ஒரு கட்டை துருத்திக்கொண்டு நிற்கும். போட்டுக்கொண்டு நடந்தால் "டக், டக்" என்று சத்தம் கேட்கும். பளபளப்பான தரையாக இருந்தால் வழுக்கும்.

"நடக்க உதவாத பூட்சுக்கு இவ்வளவு பணமா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். வளைந்த ஹாண்டில்பாரும் ஒல்லியான டயரும் உள்ள சைக்கிள்களில் ஆண்களும் பெண்களும் பறக்கிறார்கள். மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏறுகிறவர்கள் உண்டு. கொல்லிமலையின் 70 வளைவுகளையும் விட்டு வைப்பதில்லை.

அவர்கள் காலில் இருப்பது இந்தப் பூட்சுதான். உங்கள் மகனோ மகளோ இதைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? நீங்களே வாங்க நினைத்தால் எதைப் பார்த்து வாங்குவீர்கள்?

யாருக்குத் தேவை இல்லை?

முதலில் இதைச் சொல்லிவிடுவோம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

மார்க்கெட்டுக்குப் போக, பள்ளிக்கூடம் போக, வேலைக்குப் போக சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பூட்சு வேண்டாம். சாதாரணப் பெடலும் சாதாரணச் செருப்புமே போதும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். வேலைக்குப் போனார்கள். தண்ணீர்க் குடம் வைத்து ஓட்டினார்கள். குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்கள். அவர்கள் யாரும் தனிப் பூட்சு கேட்கவில்லை!

ஆராய்ச்சியும் இதற்கு ஆதரவாக இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அது 2016-ல் வெளியாயிற்று. ஓட்டப் பூட்சு போட்டு, சாதாரணப் பெடலில் மிதிக்கச் சொன்னார்கள். பிறகு அதே ஆட்களைச் சைக்கிள் பூட்சு போட்டு மிதிக்கச் சொன்னார்கள். உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்று மூச்சுக் காற்றை வைத்து அளந்தார்கள். மிதமான வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

அப்படியானால் இந்தப் பூட்சு வீண் செலவுதானா? இல்லை. நெடுந்தூரம் போகிறவர்களுக்கும், வேகமாகப் போகிறவர்களுக்கும், மலை ஏறுகிறவர்களுக்கும் இது உதவுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

40,000 தடவை!

நன்றாகப் பழகியவர் ஒரு நிமிஷத்தில் 85 தடவை பெடலைச் சுற்றுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 5,100 தடவை. எட்டு மணி நேரம் ஓட்டினால்? 40,800 தடவை!

ஒவ்வொரு காலும் அத்தனை தடவை அழுத்த வேண்டும். அதுவும் அதே இடத்தில்!

பந்தயச் சைக்கிளின் பெடல் சிறியது. பாதம் முழுவதும் அதில் உட்காராது. விரல்களுக்குப் பின்னால், மூட்டுகள் இருக்கிற தடித்த பகுதிதான் உட்காரும். மெல்லிய அடி உள்ள கான்வாஸ் பூட்சு போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அடி வளையும். பெடலின் விளிம்பு உள்ளங்காலில் குத்தும். முதல் ஒரு மணி நேரம் தெரியாது. மூன்றாவது மணியில் தெரியும். விரல்கள் மரத்துப் போகும். உள்ளங்கால் நெருப்பில் வைத்தது போல எரியும்.

அடி விறைப்பாக இருந்தால், அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் பரவும். பாதம் வளையாது. பாதத்தில் இருக்கிற சின்னஞ்சிறு தசைகள் களைக்காது. விறைப்பான அடியின் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது வேலை, கால் பெடலை விட்டு நழுவாமல் இருப்பது. பூட்சின் அடியில் இருக்கிற கட்டை, பெடலில் "டக்" என்று மாட்டிக்கொள்ளும். எழுந்து நின்று மிதித்தாலும், மழையில் ஓட்டினாலும் கால் வழுக்காது. அந்தக் கட்டையைக் "கிளீட்" என்பார்கள்.

பனிச்சறுக்கில் இருந்து வந்த யோசனை

அந்தக் காலத்து ஐரோப்பியப் பந்தய வீரர்கள் மெல்லிய தோல் பூட்சு போட்டார்கள். காற்றுப் போக மேலே ஓட்டைகள் இருக்கும். அடியில் பள்ளம் வெட்டிய ஒரு கட்டையைச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஆணி அடித்துக் கொடுப்பார். பெடலில் ஒரு கம்பிக் கூண்டும், ஒரு தோல் வாரும் இருக்கும். காலை உள்ளே விட்டு, வாரை இழுத்து இறுக்கிக்கொள்வார்கள்.

கால் வெளியே வர வேண்டுமானால்? குனிந்து, கையால் வாரைத் தளர்த்த வேண்டும். விழும்போது அதற்கு நேரம் ஏது? வீரர் விழுவார். சைக்கிளும் காலோடு சேர்ந்து விழும்!

பிரான்சு நாட்டில் "லுக்" என்று ஒரு கம்பெனி. பனிச்சறுக்குப் பலகையில் பூட்சை மாட்டும் பிடிகளைச் செய்து வந்தது. பனியில் சறுக்குகிறவர் விழுந்தால் அந்தப் பிடி தானாக விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் முறியும். அதே யோசனையைச் சைக்கிள் பெடலில் புகுத்தினார்கள். 1984-ல் அந்தப் பெடல் வெளிவந்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும். கால் விடுபட்டுவிடும்.

மறு ஆண்டு, 1985-ல், பெர்னார் ஹினோல்ட் என்ற பிரெஞ்சு வீரர் அந்தப் பெடலைப் போட்டுக்கொண்டு "டூர் தெ பிரான்சு" பந்தயத்தில் ஜெயித்தார். அது அவருடைய ஐந்தாவது வெற்றி. அந்தப் பந்தயத்தின் நடுவே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டும் ஜெயித்தார்! அதற்குப் பிறகு தோல் வாருக்கு மவுசு போய்விட்டது.

இப்போது உள்ள பூட்சுகள் எல்லாம் அந்தப் பெடலின் வாரிசுகளுக்காகச் செய்யப்பட்டவை.

எவ்வளவு விறைப்பு வேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடையில் இரண்டு விதமான அடிகள் இருக்கும். ஒன்று நைலான். அதில் கண்ணாடி இழை கலந்து உறுதி ஏற்றியிருப்பார்கள். மற்றது கார்பன் இழை. மிக லேசானது. மிக விறைப்பானது. விலையும் மிக அதிகம். இரண்டுக்கும் நடுவே, நைலானில் கொஞ்சம் கார்பன் சேர்த்த அடிகளும் உண்டு.

"கார்பன்தான் உசத்தி. உலக வீரர்கள் எல்லாம் அதைத்தான் போடுகிறார்கள்" என்பார்கள். உலக வீரர்கள் போடுவது உண்மை. ஆனால் அவர்களுக்கு அது இனாமாகக் கிடைக்கிறது! உங்களுக்கு அப்படி இல்லையே?

2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். கார்பன் அடியையும் பிளாஸ்டிக் அடியையும் ஒப்பிட்டார்கள். பாதத்தின் முன் பகுதியில் விழும் உச்ச அழுத்தம், கார்பன் பூட்சில் 18 சதவீதம் அதிகமாக இருந்தது! ஏன்? கார்பன் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காது. உங்கள் பாதமும் பூட்சின் அடியும் ஒரே வடிவமாக இல்லாவிட்டால், எங்கே மேடோ அங்கே பாரம் விழும்.

பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. விறைப்பு வேறு வேறாக உள்ள மூன்று விதமான சைக்கிள் பூட்சுகள். மேட்டில் முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னார்கள். நைலான் அடிக்கும் கார்பன் அடிக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை!

ஆகவே விறைப்பு வேண்டும். ஆனால் உச்ச விறைப்பு வேண்டியதில்லை. நல்ல நைலான் அடியே பெரும்பாலோருக்குப் போதும். இது என் தீர்ப்பு. பந்தயத்தில் ஓடி, வினாடிக் கணக்குப் பார்க்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும்!

"ஷிமானோ" என்ற ஜப்பான் கம்பெனி, தன் பூட்சுகளின் விறைப்புக்கு 12 வரை நம்பர் போடுகிறது. மற்றக் கம்பெனிகள் வேறு வேறு கணக்கில் போடுகின்றன. ஒரு கம்பெனியின் 8-ம் இன்னொரு கம்பெனியின் 8-ம் ஒன்றல்ல. ஆகையால் நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பூட்சின் முனையை ஒரு கையாலும் குதியை மறு கையாலும் பிடித்து வளையுங்கள். நடுவில் மடங்கினால் அதை வைத்துவிடுங்கள். கொஞ்சம் அசைந்து, உடனே திரும்பி நின்றால் போதும்.

அளவு எடுப்பது எப்படி?

பூட்சு வாங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுதான். அளவு சரியில்லாவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் அது தண்டனைதான்.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது. பகல் முழுவதும் நடந்து, நின்று, பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். சைக்கிள் ஓட்டும்போதும் அப்படித்தான் வீங்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்!

சுவரை ஒட்டி ஒரு காகிதத்தைத் தரையில் போடுங்கள். குதிகால் சுவரில் படும்படி நிமிர்ந்து நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் அளவு குறையும். வீட்டில் ஒருவரை விட்டு, நீளமான விரலின் நுனியில் பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். அதைக் கவனியுங்கள். பாதத்தின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளவு எடுங்கள். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் பூட்சு வாங்க வேண்டும்.

சைக்கிள் பூட்சுகளில் 41, 42, 43 என்று நம்பர் போட்டிருக்கும். இது ஐரோப்பிய அளவு. ஒரு நம்பருக்கு, ஒரு செண்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 42-க்கும் 43-க்கும் சுமார் 6½ மில்லிமீட்டர் வித்தியாசம். நம் ஊரில் 7, 8, 9 என்று சொல்வது இங்கிலீஷ் அளவு. அதில் ஒரு நம்பருக்குச் சுமார் 8½ மில்லிமீட்டர். இரண்டும் வேறு கணக்கு. "எனக்கு எப்போதும் எட்டு" என்று சொல்லி வாங்கினால் தகராறுதான்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அச்சு. இத்தாலி நாட்டு "சிடி" பூட்சு பொதுவாக ஒடுக்கமானது. அதனால்தான் அகலமான காலுக்கென்று தனி மாதிரியும் செய்கிறார்கள். ஷிமானோவும் பல மாதிரிகளை அகல அளவிலும் செய்கிறது. "லேக்" கம்பெனி அகலமான பூட்சுக்குப் பேர் பெற்றது.

நம்மில் பலர் சின்ன வயதில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள். வீட்டுக்குள்ளே இன்றும் வெறுங்கால்தான். விரல்கள் விரிந்து, பாதம் அகலமாக இருக்கும். அகலம் போதாததால் நீளமான நம்பரை எடுக்கிறார்கள். அது தப்பு! நீளம் கூடினால் குதிகால் உள்ளே ஆடும். அகல அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

சைக்கிள் ஓட்டும்போது போடுகிற அதே காலுறையை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் இருக்கிற மெல்லிய காலுறையைப் போட்டுப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டில் கனமான காலுறை போட்டால் இறுக்கும்.

முதலில் பூட்சுக்குள்ளே இருக்கிற மெத்தையை உருவிக் கீழே போடுங்கள். அதன்மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் பாதம் இரண்டு பக்கமும் வழிகிறதா? அப்படியானால் அந்தப் பூட்சு உங்களுக்கு ஒடுக்கம். காலில் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

பாதம் மெத்தைக்குள் அடங்கினால் போட்டுப் பாருங்கள். எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் அரை செண்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். ஓட்டப் பூட்சுக்கு விடுவதுபோல ஒரு கட்டைவிரல் அகலம் விட வேண்டாம். ஓடும்போது பாதம் முன்னே தள்ளும். சைக்கிளில் அவ்வளவு தள்ளாது.

குதிகாலை மேலே தூக்கிப் பாருங்கள். பூட்சு அதோடு வர வேண்டும். ஆனால் நடந்து பார்த்து முடிவு கட்டாதீர்கள்! அடி வளையாததால், நடக்கும்போது நல்ல பூட்சிலும் குதிகால் கொஞ்சம் கழலும். நுனிக்காலில் நின்று, பெடலை மிதிப்பதுபோலச் செய்து பாருங்கள். கடையில் நிறுத்தி வைத்த சைக்கிள் இருந்தால், கேட்டு ஏறி உட்காருங்கள்.

பத்து நிமிஷமாவது காலில் வைத்திருங்கள். போட்டவுடன் எல்லாப் பூட்சும் சுகமாகத்தான் இருக்கும்.

கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணே, சுண்டுவிரல் இடிக்கிறதே!"

"போடப் போடச் சரியாயிடும், தம்பி!"

நம்பாதீர்கள்! தோல் பூட்சு நாளடைவில் இளகும். கால் வடிவத்துக்கு வரும். இன்றைய சைக்கிள் பூட்சுகளில் பெரும்பாலானவை செயற்கைத் தோல். அது அவ்வளவாக இளகாது. கடையில் இடித்தால் ரோட்டிலும் இடிக்கும். சில உயர்ந்த வகைப் பூட்சுகளைச் சூடு காட்டிக் கால் வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். ஆஸ்திரேலியாவின் "பாண்ட்" கம்பெனி அப்படிச் செய்கிறது. சாதாரணப் பூட்சைச் சூடு காட்டினால் பசைதான் விட்டுப் போகும்.

உள்ளங்காலின் குழிவையும் பாருங்கள். சிலருக்குக் குழிவு அதிகம். சிலருக்குத் தட்டைப் பாதம். பூட்சு நன்றாக இருந்தும், உள்ளே குழிவு இடத்தில் வெறுமையாக இருந்தால், பூட்சை மாற்ற வேண்டியதில்லை. மெத்தையை மட்டும் மாற்றினால் போதும். விலை உயர்ந்த பூட்சைவிட, நடுத்தரப் பூட்சும் நல்ல மெத்தையும் அதிகச் சுகம் தரும்.

கயிறா, பட்டையா, திருகா?

பூட்சைப் பூட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு.

கயிறு மலிவு. பாதத்தில் ஒரே சீராகப் பிடிக்கும். ஆனால் ஓட்டிக்கொண்டே தளர்த்த முடியாது. முடிச்சின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியில் சிக்கும்.

ஒட்டுப்பட்டையும் மலிவுதான். கை நீட்டி உடனே தளர்த்தலாம். நாளானால் ஒட்டும் தன்மை குறையும்.

மூன்றாவது, திருகு. வட்டமான ஒரு குமிழ். அதைத் திருகினால் மெல்லிய கம்பி இழுபட்டு இறுகும். அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய "போவா" என்ற கம்பெனி, முதலில் பனிச்சறுக்குப் பூட்சுக்காக இதைச் செய்தது. மிக வசதியானது. ஆனால் விலையைத் தூக்கிவிடும்.

முதல் பூட்சுக்கு ஒட்டுப்பட்டையே போதும் என்பேன்.

மூன்று ஓட்டையா, இரண்டு ஓட்டையா?

பூட்சைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணமாக மூன்று ஓட்டைகள் இருந்தால், அது ரோட்டுச் சைக்கிள் பெடலுக்கு உரியது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தால், அது வேறு வகைப் பெடலுக்கு. ஷிமானோ 1990-ல் அந்த வகையைக் கொண்டுவந்தது. அதில் கட்டை சிறியது. பூட்சின் அடியில் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நன்றாக நடக்கலாம்.

வழியில் டீ குடிக்க இறங்குவீர்கள். கோயிலைப் பார்க்க நடப்பீர்கள். ரெயில்வே கேட்டில் சைக்கிளைத் தள்ளுவீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு ஓட்டைப் பூட்சே நல்லது. நீண்ட தூரப் பயணக்காரர்கள் பலர் இதைத்தான் போடுகிறார்கள். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நீண்ட தூரச் சவாரிகள் இருக்கின்றனவே, அவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

எது எப்படி இருந்தாலும், பூட்சும் பெடலும் பொருந்த வேண்டும். பூட்சை வாங்கிய பிறகு "மாட்டவில்லையே" என்று விழிக்காதீர்கள். இன்னொன்று: கட்டை பெரும்பாலும் பெடலோடு சேர்ந்தே வரும். பூட்சோடு வராது. புதுப் பெடல் வாங்குகிறவர்கள் கட்டைக்குத் தனியாகப் பணம் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பெரிய கம்பெனிகளின் முதல் படிப் பூட்சு, அமெரிக்காவில் சுமார் 100 டாலர். உச்சப் படிப் பூட்சு 400 டாலருக்கும் மேல். நாலு மடங்கு! அந்த மூன்று மடங்கு அதிகப் பணம் எங்கே போகிறது? கார்பன் அடிக்கு. திருகுகளுக்கு. சில கிராம் எடைக் குறைவுக்கு.

கால் சுகத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

போன வருஷத்து மாதிரியைக் கேளுங்கள். புது மாதிரி வந்ததும் பழையதன் விலையைக் குறைப்பார்கள். பல சமயம் நிறம்தான் மாறியிருக்கும். பெரிய விளையாட்டுச் சாமான் கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பூட்சுகளையும் ஒதுக்காதீர்கள். பிரான்சில் தொடங்கிய "டெகாத்லான்" கடைகள் நம் நாட்டிலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடைகளில் போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதே ஒரு லாபம்.

தபாலில் தருவிக்கிறீர்களா? திருப்பி அனுப்ப வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். வந்ததும் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். கட்டையை முடுக்கிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேர் பெற்ற கம்பெனிப் பூட்சு நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், நம்பாதீர்கள்.

பிறர் போட்ட பூட்சை வாங்குகிறவர்கள், அடியில் இருக்கிற திருகு மரைகளைப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தால் கட்டை நிற்காது. உள் மெத்தையை மாற்றிவிடுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் செலவு வேண்டாம். ஒரு வருஷத்தில் கால் வளர்ந்துவிடும்.

கட்டையை எங்கே முடுக்குவது?

நல்ல பூட்சும் இதில் கெட்டுப் போகும்.

பூட்சைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் மூட்டு எங்கே இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். பூட்சின் பக்கத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். சுண்டுவிரல் மூட்டுக்கும் ஒரு அடையாளம். பெடலின் அச்சு இந்த இரண்டுக்கும் நடுவே வரும்படி கட்டையை வையுங்கள். உள்ளங்கால் எரிந்தால், கட்டையைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளுங்கள். பூட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். பலருக்கு எரிச்சல் இதிலேயே போய்விடும்.

கட்டைக்கு நிறம் உண்டு. நிறத்துக்கு அர்த்தம் உண்டு. ஷிமானோ கட்டையில் சிவப்பு என்றால் கால் அசையவே அசையாது. நீலம் 2 டிகிரி அசையும். மஞ்சள் 6 டிகிரி. லுக் கம்பெனியின் இன்றைய கட்டையில் கறுப்புதான் அசையாதது. சாம்பல் 4½ டிகிரி. சிவப்பு 9 டிகிரி! ஒருவருக்குச் சிவப்பு சிறை. மற்றவருக்குச் சிவப்பு விடுதலை. கேட்டு வாங்குங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அசையும் கட்டைதான் நல்லது. அசையாத கட்டையைக் கோணலாக முடுக்கிவிட்டால், முழங்கால் வலிக்கும். அதை முழங்கால் நோய் என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு!

முதல் நாள் எச்சரிக்கை

முதல் நாளே பெரிய ரோட்டுக்குப் போகாதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மாட்டுவதும் விடுவிப்பதுமாக ஐம்பது தடவை பழகுங்கள். பெடலில் ஒரு சிறிய திருகு இருக்கும். பிடியைத் தளர்த்த அது உதவும். தளர்த்தியே வைத்துப் பழகுங்கள். பிறகு ஆளில்லாத மைதானம். அதற்குப் பிறகுதான் ரோடு. சிக்னலில் நிற்பதற்கு முன்னாலேயே ஒரு காலை விடுவித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு விடுவிக்கப் பார்த்தால், எல்லாரும் பார்க்கச் சாய வேண்டியதுதான்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வியாதியில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். பூட்சு கடித்தாலும் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் லேசில் ஆறாது. அப்படிப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் விறைப்பான பூட்சை வாங்கக் கூடாது. வாங்கினாலும், ஒவ்வொரு தடவை கழற்றியதும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அடிப்பாகம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெடுநாள் உழைக்க

கட்டை தேயும் பொருள். நடக்க நடக்கத் தேயும். ஷிமானோ கட்டையின் மூலைகளில் இருக்கிற நிறப் பகுதி தேய்ந்து போனால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. தேய்ந்த கட்டை எதிர்பாராமல் கழன்றுகொள்ளும். கட்டைக்கு ரப்பர் மூடி விற்கிறது. விலை குறைவு. டீக்கடையில் இறங்கும்போது மாட்டிக்கொண்டால் கட்டை இரண்டு மடங்கு காலம் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. வழுக்கவும் வழுக்காது.

மழையில் நனைந்த பூட்சை வெயிலில் காயப் போடாதீர்கள். அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள். பசை விட்டுவிடும். மெத்தையை உருவித் தனியாக நிழலில் உலர்த்துங்கள். பூட்சுக்குள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஈரத்தை அது உறிஞ்சிவிடும். ஒரு மணி நேரம் கழித்து, நனைந்த தாளை எடுத்துவிட்டு வேறு தாளைத் திணியுங்கள். இந்தத் தாளையும் வைக்கலாம். வீட்டில் எல்லாரும் படித்து முடித்த பிறகு!